சக்கரவர்த்தி கேட்ட கேள்வி

வாங்க தம்பி, உக்காருங்க. அந்தச் சோபாவுல வேண்டாம், அது எங்கூட்டுக்காரரு உக்கார்ற எடம். இந்தச் சேர்ல உக்காருங்க. கேக்கு டப்பாவை அப்படி ஓரமா வெச்சுருங்க. எறும்பு வந்தாத் திங்கட்டும், இந்த ஊட்டுல வேற யாரும் அதைத் தொடப்போறதில்லை.

கார்டுல என்ன போட்டிருக்குதுங்க? கெஸ்ட் ரிலேஷன்ஸ் மேனேஜர். அப்படின்னா எங்க ஊருப் பேச்சுல ஒறம்பரையைக் கவனிச்சுக்கறவரு. நல்லாத்தான் கவனிச்சீங்க போங்க. கோத்தகிரி மலையில இருந்து திருப்பூருக்கு இறங்கி வந்து மன்னிப்புக் கேக்கற அளவுக்குக் கவனிச்சுப்போட்டீங்க.

பேப்பரு, கையெழுத்தெல்லாம் அப்புறம். முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. கேட்டு எழுதிக்குங்க. உங்க ஆளுக எழுதினதை எல்லாம் கேட்டாச்சு, போலீஸ்காரங்க எழுதினதையும் கேட்டாச்சு. துளசிமணி என்ன சொல்றான்னு இதுவரைக்கும் ஒருத்தரும் ஒழுங்கா உக்காந்து கேக்கலை.

எங்கூட்டுக்காரருக்கு அறுபது முடிஞ்சுதுங்க. கோயில்ல வெச்சு மாலை மாத்தினோம், சொந்தக்காரங்களுக்குச் சோறு போட்டோம். அதுக்கப்புறமேலு என்ற பையன் நவநீதன், "அம்மா, நீயும் அப்பாவும் தையல் மெஷின் சத்தத்துலயே கெடக்கறீங்க, ரெண்டு நாளு மலைக்குப் போயிட்டு வரலாம்"ன்னான். எங்களுது முப்பது மெஷின் ஓடற யூனிட்டுங்க. பனியன் தெச்சுக் கொடுக்கறது. வருசத்துல தீபாவளிக்கு ஒருக்கா, பொங்கலுக்கு ஒருக்காத்தான் அந்த மெஷினுக நிக்கும். சேரி, போலாம்னேன். உடனே பையன், "சங்கவியோட அம்மாவும் வர்றாங்க"ன்னான். சங்கவி என்ற மருமக. வரட்டும்னேன். வேண்டாம்னு நான் சொல்லலை. அதை எழுதிக்குங்க.

என்ற சம்பந்தியம்மா பேரு பழனாத்தா. பனியன் கம்பெனியில பிசிர் வெட்டறாங்க. உங்களுக்குப் புரியாது. தெச்ச துணியில அங்கங்க நூலு நீட்டிக்கிட்டிருக்குமல்லங்க, அதைச் சின்னக் கத்திரியில வெட்டி வெட்டிப் போடறது. பதினெட்டு வருசமா அதே வேலை. புருசன் இல்லை. ஒத்தைப் புள்ளையைப் படிக்க வெச்சாங்க. அந்தப் புள்ளையும் என்ற பையனும் ஒரே எக்ஸ்போர்ட் ஆபீசுல வேலை பார்த்தாங்க, அங்கியே முடிவு பண்ணிட்டாங்க. நாங்க ஒத்துக்கிட்டோம். எத்தனை பேரு ஒத்துக்குவாங்க சொல்லுங்க? கண்ணாலத்துல அந்தம்மாவை மேடையில நிக்க வெச்சேன். ஆல்பத்துல இருக்குது, வேணும்னா காட்டறேன். ஓரமாத்தான் நிப்பாங்க, ஆனா இருக்காங்க.

உங்க ரிசார்ட்டுக்கு வந்தோம். ரெண்டு காட்டேஜு. ராத்திரி ஏழு மணிக்குப் புல்தரையில டின்னர் ஷோன்னீங்க. மேளம், நெருப்பு டான்ஸ், சாப்பாடு எல்லாம் ஒரே எடத்துல. அதுக்கு ஆளுக்கு ஒண்ணா ரோஸ் கலர்ல கையில ஒட்டற பட்டை கொடுத்தீங்க. அஞ்சு பேருக்கு அஞ்சு பட்டை. ஊட்டுக்குப் பெரிய பொம்பளைன்னு என்ற கையில கொடுத்தாங்க.

சம்பந்தியம்மாவுக்குச் சக்கரை நோய். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால மாத்திரை போடணும். நான்தான் சொன்னேன், "நீங்க மாத்திரை போட்டுக்கிட்டு மெதுவா வாங்க, நாங்க போயி எடம் புடிக்கறோம்"னு. அக்கறையாத்தானே சொன்னேன்? எடம் புடிக்கப் போன அவசரத்துல நாலு பட்டையை நாங்க ஒட்டிக்கிட்டோம். அஞ்சாவது என்ற ஹேண்ட்பேக்லயே தங்கிப்போச்சு. மறந்துட்டேன். பையன்கூட, "அத்தைக்குப் பட்டை கொடுத்தியாம்மா?"ன்னு கேட்டான். கொடுத்துட்டேன்னு சொன்னேன். கொடுத்த மாதிரி நெனைப்பு. மனுசிதானுங்களே, மறக்காதா?

அந்தம்மா வந்த கோலத்தையும் சொல்லிப்போடறேன். அறுபதாம் கல்யாணத்துக்குன்னு நான் எடுத்துக் கொடுத்த சேலை இருந்துச்சு. அதைக் கட்டலை. "நல்ல சேலைங்க சம்பந்தி, மலையில பனி பட்டு வீணாப் போயிரும்"னு பொட்டியிலயே வெச்சுக்கிட்டாங்க. பழைய வாயில் சேலை, அதுக்கு மேல என்ற பையன் காலேஜுக்குப் போட்டுட்டுப் போன ஸ்வெட்டரு, காதை மூடி ஒரு துண்டு, கால்ல ரப்பர் செருப்பு, கையில வயர்க்கூடை. கூடைக்குள்ள என்ன? ரெண்டு இட்லி. எட்டு வகையில பன்னீர் வெச்சிருக்கற எடத்துக்கு டப்பாவுல இட்லி கட்டிட்டு வர்றாங்க! மாத்திரை போட்டுட்டுச் சாப்பாடு தாமதமானா மயக்கம் வந்துருமாம், அதுக்கு. அதோட அந்தப் பிசிர் வெட்டற கத்திரி. அது எப்பவும் கூடவே இருக்கும். சிலருக்குச் சாவிக்கொத்து மாதிரி.

அதுக்காக? அப்படி வந்தா மனுசி இல்லையா? உங்க வாசல்ல நின்னானே ஒருத்தன், கறுப்புக் கோட்டு, காதுல ஒயரு, நெஞ்சுல பேரு எழுதின பட்டை. சக்கரவர்த்தி! பேரு சக்கரவர்த்தி, வேலை வாசல்ல குறுக்கே கட்டின கயித்தைத் தூக்கி விடறது. கார்ல வந்து இறங்கறவனைப் பார்த்தா முதுகு வளையுது. துண்டு கட்டினவங்களைப் பார்த்தாத் தாடை நிமிருது. நேத்து வரைக்கும் அவனோட அம்மாவும் இப்படித்தான் துண்டு கட்டிக்கிட்டு எங்காவது வேலைக்குப் போயிருப்பா. ஒரு கோட்டை மாட்டி விட்டதும் பெத்தவளை மறந்து போறானுங்க. எனக்கு அதுதானுங்க தாங்கலை. ஆளைப் பார்த்து, துணியைப் பார்த்து மரியாதை கொடுக்கறவனைக் கண்டாலே எனக்கு வாந்தி வரும்.

என்ன சிரிக்கறீங்க? சிரிக்கலையா? சேரி.

நாங்க பதினாலாம் நம்பர் மேசையில உக்காந்திருந்தோம். பக்கத்து மேசையில யாருன்னு நெனைக்கறீங்க? ஸ்பின்னிங் மில்லுக்காரம்மா, சாந்தகுமாரி. எங்களுக்கு நூலு போடற கம்பெனிக்காரங்களே அவங்க மில்லுலதான் வாங்கறாங்க. அவங்க ஊட்டு விசேசத்துக்குப் பத்திரிகை வந்தா, அதை நாலு பேரு கண்ணுல படற மாதிரி டிவி மேல வெக்கிற ஊருங்க இது. அந்தம்மாவே திரும்பி, "நீங்க பனியன் லைன்தானே? உங்களை எங்கியோ பார்த்திருக்கறேன்"னாங்க. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. பேசிட்டிருந்தோம். "மருமக லட்சணமா இருக்குது, சம்பந்தி என்ன லைனு?"ன்னு கேட்டாங்க. "அவங்களும் கார்மெண்ட்ஸ்தானுங்க"ன்னேன். பொய்யில்லையே? பிசிர் வெட்டறதும் கார்மெண்ட்ஸ்தானே. "வரலீங்களா?"ன்னாங்க. "உடம்பு சரியில்லை, ஊட்டுலயே இருந்துட்டாங்க"ன்னேன். காலியா இருந்த சேர்ல என்ற ஹேண்ட்பேக்கை வெச்சேன். சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானுங்க.

பையனும் மருமகளும் சாப்பாடு எடுக்க வரிசையில நின்னாங்க. மேடையில ஒருத்தன் மைக்கைப் புடிச்சுக்கிட்டு, "கோயமுத்தூர் எங்கே? சத்தம் எங்கே?"ன்னு கத்தறான். டிரம்மை அடிச்சு நொறுக்கறானுங்க. நெருப்பைச் சுத்தறானுங்க. அந்த நேரத்துலதான் வாசல்ல உங்க ஆளு சம்பந்தியம்மாவைப் புடிச்சுட்டான்.

பட்டை எங்கேன்னு கேட்டிருக்கறான். அந்தம்மா தெரியாதுன்னிருக்காங்க. "வேலைக்காரங்க பின்பக்கமாப் போகணும், இந்த வழியில வரக் கூடாது"ன்னிருக்கறான். "வேலைக்கு வரலை சாமி, எங்க ஒறம்பரை உள்ள இருக்காங்க"ன்னிருக்காங்க. கூடையைப் புடுங்கி ரெண்டு பேரு புல்லுல கவுத்திருக்கறானுங்க. இட்லி உருண்டு போச்சாம். கத்திரியை எடுத்து ஆட்டி, "இது யாரு கழுத்தை அறுக்கறதுக்கு?"ன்னு சிரிச்சானுங்களாம். அந்தக் கல்லுப் படியில வெச்சு ஒரு தள்ளு. கையை ஊனி விழுந்தாங்க, மணிக்கட்டு போயிருச்சு. வலின்னு சொன்னவங்களைத் தூக்கிட்டுப் போயி ஆஸ்பத்திரியில காட்ட வேண்டாமா? ஜெனரேட்டர் கொட்டாயில கொண்டுபோயி, சோடா பாட்டில் அடுக்கற பொட்டியைக் கவுத்துப்போட்டு, "மேனேஜர் வர்ற வரைக்கும் இங்கியே கெட"ன்னு உக்கார வெச்சுட்டானுங்க. மாத்திரை போட்ட மனுசி. சாப்பிட வேண்டிய நேரம். தண்ணி கேட்டதுக்கு, "ஷோ முடியட்டும்"னிருக்கறான் ஒருத்தன்.

ஒரு மணி நேரம் தம்பி.

எங்களுக்கு இது எதுவும் தெரியாது. நான் பார்க்கவே இல்லை. அவனுங்க வாசல்லயே புடிச்சு இழுத்துட்டுப் போயிட்டானுங்க. நான் எப்படிப் பார்க்க முடியும், அந்தச் சத்தத்துல, அந்தப் புகையில?

வரிசையில நின்னு தட்டோட வர்றதுக்கே அவங்களுக்கு முக்கா மணி ஆச்சு. உக்காந்ததும் மருமகதான் முதல்ல எந்திரிச்சா. "அம்மாவை இன்னும் காணலையே"ன்னு காட்டேஜுக்கு ஓடினா. பூட்டிக் கெடந்துச்சு. திரும்பி வர்றப்ப படியில ஒத்தை ரப்பர் செருப்பு கெடந்திருக்குது. அதைக் கையில எடுத்துக்கிட்டு, அங்க இருந்த ஒவ்வொரு ஆளுகிட்டயும், "இந்தச் செருப்புக்காரங்க எங்கே?"ன்னு கேட்டிருக்கறா. பாத்திரம் கழுவற பொம்பளை ஒருத்திதான் கொட்டாயைக் காட்டினாளாம். கோட்டுக்காரனுங்க எட்டுப் பேருல ஒருத்தனும் வாயைத் திறக்கலை.

என்ற பையன் ஓடினான், அவன் பின்னால நாங்க ஓடினோம். சம்பந்தியம்மா பொட்டி மேல ஒரு பக்கமாச் சாஞ்சு கெடந்தாங்க. அந்தக் குளிர்ல வேர்த்து ஊத்துது. பேச்சு குழறுது. பையன் கையில சாப்பாட்டுத் தட்டு இன்னும் இருந்துச்சு. மருமக அதுல இருந்த ஜிலேபியைப் பிச்சு அவங்க வாயில வெச்சு, "முழுங்கும்மா, முழுங்கும்மா"ன்னு தாடையைத் தடவினா. இன்னும் அரை மணி போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு குன்னூர் ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னாரு. அதை நான் என்ற வாயால சொல்ல மாட்டேன்.

அங்க வந்த சக்கரவர்த்தி சட்டையைப் பையன் புடிச்சான். நாலு பேரு பையனைத் தள்ளினானுங்க. எங்கூட்டுக்காரரு நடுவுல போனாரு. "பெருசு, ஓரமாப் போ"ன்னு அவரைச் செவுத்துல சாத்தினானுங்க. அறுபது முடிஞ்ச மனுசன், கழுத்துல மாலை போட்டு அஞ்சு நாளுதான் ஆச்சு. நான் விடுவேனா? "யாரு மேல கை வெக்கிறீங்கன்னு தெரியுமாடா? நாங்க யாருன்னு தெரியுமாடா?"ன்னு நேரா அவன் முன்னால போயி நின்னேன்.

அப்பத்தான் அந்த நாயி என்னைப் பார்த்து, எல்லாரும் கேக்கற மாதிரி, "நீங்கதானே மேடம் தெரியாதுன்னீங்க?"ன்னான்.

அறைஞ்சேன். ஆமா, அறைஞ்சேன். உங்க ரிப்போர்ட்டுல அதை மட்டும் மறக்காம எழுதியிருக்கீங்க. அவன் என்ற கையை முறுக்கினான், வளையல் நெளிஞ்சு போச்சு. அதை எழுதலை பாருங்க.

மூஞ்சிக்கு நேரா ஒருத்தன் பொய் சொன்னா அறையாம என்ன பண்றது? என்ற பையன் என்னைப் பார்க்கறான். மருமக அவங்கம்மா தலையை மடியில வெச்சுக்கிட்டு என்னைப் பார்க்கறா. "பொய் சொல்றான், சங்கவி. மாட்டிக்கிட்டான்ல, அதுக்குப் பொய் சொல்றான்"னேன். அந்தப் புள்ளை மறுநாள் காலையில ஆஸ்பத்திரியில மாவுக்கட்டுப் போட்டு முடிச்சப்புறம், வராண்டாவுல வெச்சு ஒரே ஒருதடவை கேட்டா. "அத்தை, அவன் சொன்னது நெசமுங்களா?" "பொய்யி"ன்னேன். "சேரிங் அத்தை"ன்னா. அவ்வளவுதான். அங்கிருந்தே அவங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு அவங்க லைன் ஊட்டுக்குப் போயிட்டா. ஒத்தைக் கையில அம்மா சமைக்க முடியாதுன்னா. அதுக்கடுத்த வாரம் என்ற பையனும் துணிமணியை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். ஒரே ரூமு, வெளியில பொதுக் கக்கூசு. ரெண்டு மாசமாகுது. மாவுக்கட்டு பிரிச்சே பதினஞ்சு நாளாச்சு. இன்னும் அங்கதான் இருக்கறாங்க. சாயங்காலம் போன் பண்ணுவான். "சாப்பிட்டியாம்மா, அப்பா மாத்திரை போட்டாரா?" அவ்வளவுதான் பேச்சு. முப்பது வருசம் வளர்த்த பையனை உங்க கயித்தைத் தூக்கறவன் ஒரு வார்த்தையில பிரிச்சுப்போட்டான். அந்தக் கோட்டுக்காரன் நாசமாப் போகட்டும். அதைக் கேக்கறதுக்குத்தான் உங்களை உள்ள விட்டேன்.

ம்? என்ன பேப்பர் அது? கொடுங்க, கண்ணாடி போட்டுக்கறேன்.

"பணியாளர் கேட்டபோது, அந்தப் பெண்மணி எங்களுடன் வந்தவர் அல்ல என்று நான் கூறினேன். அதை நம்பியே பணியாளர் நடவடிக்கை எடுத்தார்." கீழ என்ற பேரு, கையெழுத்துக்குக் கோடு. அடடா. அழகா டைப் அடிச்சிருக்கீங்க. கேக்கு வாங்கிட்டு வந்தது இதுக்குத்தானா? நீங்க தள்ளுவீங்க, நான் கையெழுத்துப் போட்டுக் காப்பாத்தணுமா? நான் கையெழுத்துப் போட்டா, அறைஞ்ச கேசை நீங்க வாபஸ் வாங்கிக்குவீங்க. கூப்பன் வேற, ரெண்டு நாளு இலவசமாத் தங்கலாம்னு. எங்கே, அந்த ஜெனரேட்டர் கொட்டாயிலயா?

சம்பந்தியம்மாவை அவன் மேசைக்குக் கூட்டிட்டு வந்தான்கறதுக்கு என்ன சாட்சி? அந்தப் பக்கம் கேமரா இருக்குதா? இல்லைல்ல. அப்ப அவன் சொல்றதும் நான் சொல்றதும்தான்.

என்ன கேட்டீங்க? சேரி, வந்தான்னே வெச்சுக்குங்க. கேட்டான்னே வெச்சுக்குங்க. நான் கையைக் காட்டினேன். "இரு, ஒரு நிமிசம்"னு காட்டினேன். மில்லுக்காரம்மா பேசிட்டிருந்தாங்க, பாதிப் பேச்சுல எப்படித் திரும்பறது? அந்த மடையன் அதை "கூட்டிட்டுப் போ"ன்னு எடுத்துக்கிட்டான். கைச்சாடைகூடப் புரியாதவனை வேலைக்கு வெச்சா அதுக்கு நானா பொறுப்பு?

இது என்ன இன்னொண்ணு? போலீஸ் ஸ்டேஷன்ல கொடுத்த புகார் நகலா? யாரு கொடுத்தது? பழனாத்தாவா? அவங்களுக்கு எழுதத் தெரியாதே. ஓ, சொல்லச் சொல்ல எழுதினதா. கீழ கைநாட்டு. இடது கை. வலது கைதான் ஒடிஞ்சுதே.

இருங்க, படிக்கறேன்.

"...என்னை வாசலிலேயே பிடித்து இழுத்துச் சென்றார்கள். மேசை வரைக்கும் என்னைக் கூட்டிப் போகவில்லை. யாரிடமும் விசாரிக்கவில்லை. என் சம்பந்தியம்மா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவர் விட்டிருக்க மாட்டார். அவருக்கு இதில் ஒன்றும் தெரியாது..."

இதை எப்பக் கொடுத்தாங்க? அன்னிக்கே, ஆஸ்பத்திரியிலயா? மாவுக்கட்டுக் காயறதுக்கு முன்னாலயா?

கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன்.

இதைப் போயி எதுக்கு எங்கிட்டக் காட்டறீங்க தம்பி? ஓ. இந்தப் புகார்ப்படி பார்த்தா, யாரையும் கேக்காம, விசாரிக்காம அவனாத்தான் எல்லாம் பண்ணினான்னு ஆகுது. வேலையும் போயிரும், கேசும் அவன் தலையிலதான். அதுக்காகத்தான் என்ற கையெழுத்து. நான் சும்மா இருந்தாப் போதும், சக்கரவர்த்தி ஒழிஞ்சான். நான் ரெண்டு மாசமா எதுக்குச் சாபம் கொடுத்தேனோ அது நடக்கும். யாரும் என்னை ஒண்ணும் கேக்க முடியாது. பழனாத்தாவே சொல்லிட்டாங்களே, பார்க்கலைன்னு.

பார்க்கலையாம். பார்த்திருந்தா விட்டிருக்க மாட்டேனாம்.

யாருங்க இவ? எனக்குப் பிச்சை போடறதுக்கு இவ யாருங்க? பிசிர் வெட்டறவ. நான் எடுத்துக் கொடுத்த சேலையைக் கட்டத் தெரியாதவ. இவ ஒரு பொய்யி சொல்லி, அந்தப் பொய்யிக்குக் கீழ நான் ஒதுங்கி நிக்கணுமா? எத்தனை நாளைக்கு நிக்கிறது? ஒவ்வொரு விசேசத்துலயும் அவ எதுக்க வந்து, "வாங்க சம்பந்தி"ம்பா. அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அவ காட்டிக்க மாட்டா. அதுதான் கொடுமை தம்பி. திட்டினா நானும் நாலு திட்டித் தீர்த்துக்குவேன். இவ திட்டவே மாட்டா.

எழுதிக்குங்க. வேண்டாம், எழுதாதீங்க, முதல்ல கேளுங்க.

அவன் கூட்டிட்டு வந்தான். மேசைக்கு அஞ்சடி தள்ளி நின்னான். மரியாதையாத்தான் கேட்டான். அதையும் சொல்லிப்போடறேன், எங்கிட்ட மரியாதையாத்தான் கேட்டான். "மேடம், இந்தம்மா உங்ககூட வந்தவங்களா?" சம்பந்தியம்மா என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. தப்பிச்சோம்னு சிரிப்பு. மில்லுக்காரம்மா திரும்பிப் பார்த்தாங்க. துண்டைப் பார்த்தாங்க, செருப்பைப் பார்த்தாங்க, அப்புறம் என்ற மூஞ்சியைப் பார்த்தாங்க. டிரம்மு அப்ப நின்னிருந்துச்சு. நல்லாவே கேட்டுச்சு.

"தெரியாது"ன்னேன்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை. சம்பந்தியம்மா சிரிப்பு அப்படியே நின்னுச்சு. "சம்பந்தி, நான்தானுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? சொல்லலை. "சேரி சாமி, போலாம்"னு அவங்கிட்டச் சொல்லிட்டுத் திரும்பிக்கிட்டாங்க. எங்கூட்டுக்காரரு சேரைத் தள்ளிட்டு எந்திரிச்சாரு. நான் மேசைக்கு அடியில அவரு முழங்காலைப் புடிச்சு அமுக்கினேன். "உக்காருங்க, அப்புறம் போயிப் பார்த்துக்கலாம்"னேன். உக்காந்தாரு. அவரும் உக்காந்தாருங்க, நான் மட்டுமில்லை. அப்புறம் நெருப்பு டான்ஸ் ஆரம்பிச்சுது. பார்த்தோம்.

அன்னில இருந்து அவரு சோத்தை அவரே போட்டுக்கறாரு. நான் கரண்டி எடுத்தா, "வேண்டாம்"னு தட்டை நகர்த்திக்கறாரு. வேற ஒரு வார்த்தை சொல்லலை. பையங்கிட்டயும் சொல்லலை. ஞாயித்துக்கிழமையானா ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு லைன் ஊட்டுக்குப் போயிருவாரு. இன்னிக்கும் அங்கதான். அந்த ஒரே ரூமுல நாலு பேரு உக்காந்து சாப்பிடறாங்க. இங்க ஆறு ரூமு.

பேனாவைக் கொடுங்க.

நீங்க டைப் அடிச்சது இருக்கட்டும். அதுக்குக் கீழ நான் எழுதறேன். "நான் தெரியாது என்று சொன்னேன். தெரியாது என்றுதான் சொன்னேன், கீழே தள்ளச் சொல்லவில்லை. தெரியாத பொம்பளையாக இருந்தாலும் தள்ளக் கூடாது." துளசிமணி. தேதி போடணுமா? போடறேன்.

ஏன் மூஞ்சி சுருங்குது? கீழ எழுதினதை அடிச்சுட்டு மேல இருக்கறதுக்கு மட்டும் கையெழுத்து வேணுமா? நல்லா இருக்குதே! ரெண்டும் சேர்ந்துதான். எடுத்தா முழுசா எடுங்க, இல்லைன்னா கிழிச்சுப் போடுங்க. நான் தெரியாதுன்னு சொன்னா என்ன? வழி தப்பி வந்த யாரோ ஒருத்தின்னே இருக்கட்டும். பட்டை இல்லாதவளைக் கல்லுப் படியில தள்ளுன்னு எந்தப் புத்தகத்துல போட்டிருக்குது உங்களுக்கு? அவன் மேசையில கேட்டது நெசம், அதுக்கு நான் சாட்சி சொல்றேன். தள்ளினதும் நெசம், தண்ணி கொடுக்காததும் நெசம். அதுக்கு அவன் பதில் சொல்லட்டும், அவனுக்குக் கோட்டு மாட்டி விட்ட நீங்களும் சொல்லுங்க. அறைஞ்சதுக்கு நான் சொல்லிக்கறேன். அந்தக் கேசை வாபஸ் வாங்க வேண்டாம். ஸ்டேஷன்ல கூப்பிட்டா வர்றேன்.

இதை நவநீதனுக்கும் ஒரு நகல் கொடுங்க. இல்லை, வேண்டாம். பேப்பர்ல படிச்சுத் தெரிஞ்சுக்கற விசயமில்லை அது.

எந்திரிச்சுட்டீங்களா? நில்லுங்க. இங்கிருந்து நேரா அங்கதானே போறீங்க, பழனாத்தா ஊட்டுக்கு? காருலதானே வந்தீங்க? எடமிருக்குதா? நானும் வர்றேன். முன்சீட்டுல உக்காந்துக்கறேன், பின்னால உக்காந்தா எனக்குத் தலை சுத்தும். சேலை மாத்தணும், அஞ்சு நிமிசம்... வேண்டாம். இதுவே இருக்கட்டும். செருப்பை மாட்டிக்கிட்டு வர்றேன், கதவைப் பூட்டணும்.

அங்க போனதும் நீங்க முதல்ல இறங்கக் கூடாது. கேக்கு, கூப்பன்னு ஒண்ணும் ஆரம்பிக்கக் கூடாது. முதல்ல நான் போவேன். நான் பேசி முடிச்சப்புறம் உங்களைக் கூப்பிட்டாங்கன்னா வாங்க. கூப்பிடலைன்னாக் காருலயே இருங்க. எனக்கே என்ன மரியாதை கெடைக்கும்னு தெரியலை, உங்களுக்கு நான் எங்கே சொல்றது?

ஏன் தம்பி, இதுதானே உங்க தொழிலு? மாசத்துக்கு எத்தனை ஊட்டுக்கு இப்படிப் போறீங்க? உள்ள போனதும் முதல் வார்த்தை என்னன்னு ஆரம்பிப்பீங்க?

"ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்"னா?

அடச்சீ. வண்டியை எடுங்க.